கிளென்மார் பாட்டன்

முகுந்தன் தன் பாட்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவர் கையிலிருக்கும் தேநீர் ஆறிப் போய்விடும். கிள்ளானில் அவரோடு பழகிய எல்லாருக்கும் இது தெரியும். விவரம் தெரிந்தவர்கள் அவர் வீட்டுக்குப் போனால் தேநீரை முதலில் குடித்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

ரெங்கசாமிப் பாட்டன் துறையூர்ப் பக்கம் ஆடு மேய்த்தவர். கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். கங்காணியைக் கைத்தடியால் சாத்திவிட்டு ஒரு தோட்டத்தை விட்டு வெளியேறி, ஜெஞ்சாரோமுக்கு அப்பால் இருந்த கிளென்மார் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். மகா கோபக்காரர், ஆனால் நியாயஸ்தர். முகுந்தன் இப்படித்தான் சொல்லுவார். இத்தனைக்கும் அவருக்கு இருந்த ஒரே ஆதாரம் ஹால் சுவரில் முதலாவதாக மாட்டியிருந்த படம். அதில் தாடி வைத்த ஒரு பெரியவர், தோளில் கனத்த கம்பளிப் போர்வையும் கையில் தடியுமாக, கடன்காரனைப் பார்ப்பது போல் முறைத்துக்கொண்டிருந்தார். போர்வை இருந்ததால் ஆடு மேய்த்தவர், தடி இருந்ததால் கங்காணியை அடித்தவர், முறைப்பதால் கோபக்காரர். ஒரே படத்திலிருந்து இவ்வளவு சரித்திரம் எழுதக்கூடியவரைத்தான் தான் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அமுதவள்ளி கல்யாணமான புதிதிலேயே புரிந்துகொண்டாள். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் ஆதாரம் இல்லாத புத்தகங்கள்தான் அதிகம் படிக்கப்படுகின்றன என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

முகுந்தன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமை தலைத்திவசம். அதுவரைக்கும் அவர் படம் தனியாக, டிவிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசையில், விளக்கோடு இருந்தது. திவசம் முடிந்ததும் அதை எடுத்துச் சுவரில் பெரியவர்களோடு சேர்த்து மாட்டிவிட வேண்டும். அவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். சுவரில் இடமும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வலது கோடியில் மாமியார் வீரம்மாவின் படத்தோடு சன்னல் வந்துவிடும். அதனால் இடது கோடியில், பாட்டனுக்குப் பக்கத்தில் புதிதாக ஆணி அடித்தாகிவிட்டது.

அந்த ஆணியைப் பார்க்காமல் நடக்க அமுதவள்ளி பழகிக்கொண்டிருந்தாள். மேசை மேல் இருக்கிறவரைக்கும் அடுப்படியிலிருந்தே அவரோடு பேச முடிந்தது. புளி விலை ஏறிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் காரை நம் வாசலை அடைத்து நிறுத்தியிருக்கிறார் என்றெல்லாம் சொல்லுவாள். சுவருக்குப் போய்விட்டால் அவர் முன்னோர். முன்னோரிடம் புளி விலை பேச முடியுமா?

அவருடைய கைப்பேசிக்கும் அவள் தினமும் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தாள். பழைய தோட்டத்து ஆட்களுக்காக அவர் தொடங்கி நடத்திய 'கிளென்மார் பிள்ளைகள்' என்ற வாட்ஸ்அப் குழு அதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழுவுக்குத்தான் ஐலீன் கெர் என்ற ஸ்காட்லாந்துக்கார அம்மாள் எழுதியிருந்தார். கிளென்மார் தோட்டத்தைத் தொடங்கிய துரையின் வழியில் வந்தவராம். பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கியிருக்கிறாராம். குடும்ப வரலாறு ஒன்று எழுதுகிறாராம், பழைய ஆட்கள் யாரையாவது பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். குழுவில் யாரும் பதில் எழுதவில்லை. முகுந்தன் இருந்திருந்தால் ரயிலடிக்கே போய் அழைத்து வந்து, அந்த அம்மாளுக்குப் பேசச் சந்தர்ப்பமே கொடுக்காமல் அனுப்பியிருப்பார். அவர் சார்பில் அமுதவள்ளி புதன்கிழமை வரச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வீட்டில் விசேஷம், அதற்கும் வாருங்கள் என்று ஒரு மரியாதைக்குச் சேர்த்துக்கொண்டாள்.

ஐலீனுக்கு அறுபது வயது இருக்கும். வெயிலில் தக்காளியாகச் சிவந்து போய், கேஎல் சென்ட்ரலில் தப்பான ரயிலில் ஏறி கிள்ளானுக்கு வருவதற்குப் பதில் செந்தூலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். முகுந்தன் பேசாமலே அந்த வீட்டில் ஒரு தேநீர் ஆறியது அன்றைக்குத்தான்.

பிறகு தன் கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அதே தாடி, அதே போர்வை, அதே முறைப்பு. சுவரில் இருந்தது ஈரத்தில் பழுப்பேறி, கீழ்ப்பாதியைக் கறையான் தின்று, மிச்சத்தைச் சட்டத்துக்கு ஏற்றபடி வெட்டியது. கைப்பேசியில் இருந்தது முழுசு. பெரியவரின் காலடியில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. பின்னால் கல்வீடு ஒன்று. சந்தேகமே வேண்டாம், அவர் வெள்ளைக்காரர்.

நல்லவேளை, இதைப் பார்க்க அவர் இல்லை என்பதுதான் அமுதவள்ளிக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக உடனே தன் மேலேயே கோபம் வந்தது.

பெரியவரின் பெயர் ஆர்ச்சிபால்ட் கெர். ஐலீனின் தாத்தாவுக்குத் தாத்தா. இவருடைய குடும்ப வரலாற்றைத்தான் ஐலீன் எழுதிக்கொண்டிருந்தார். ஆர்ச்சிக்கு ஒரு முழம் நிலம்கூடச் சொந்தமில்லை. ஜமீன்தார் ஒருவரிடம் பத்தொன்பது வருடக் குத்தகைக்கு எடுத்த மலையடிவாரத்துப் பண்ணைக்குப் பெயர்தான் கிளென்மார். வெறும் கல்லும் சேறுமாகக் கிடந்த பூமி. கல்லைப் பொறுக்கி மதில் கட்டினார். சேற்றில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். ஆடு வளர்த்தார், ஓட்ஸ் விதைத்தார். குத்தகை முடிகிற வருடம் ஜமீன்தார் வந்து பார்த்தார். நிலம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இதற்குப் பழைய குத்தகை போதாது என்றார். ஆர்ச்சியால் கட்ட முடியவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களை வாசலில் வைத்து ஏலம் போட்டுவிட்டு, ஒரு வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். அந்த வண்டியின் பின்புறம் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டே போன கடைசி மகன் ஜேம்ஸ், பின்னாளில் மலாயாவுக்கு வந்து காடு வெட்டி, முதலில் காப்பியும் பிறகு ரப்பரும் நட்டு, தோட்டத்துக்குக் கிளென்மார் என்று பெயர் வைத்தார். அப்பாவின் படத்தையும் பங்களாவில் மாட்டிவைத்தார்.

ஆடு மேய்த்தது சரி, இருந்த இடத்தை விட்டு வெளியேறியது சரி, கோபக்காரர் என்பதும் ஏறக்குறைய சரி. முகுந்தனின் சரித்திரத்தில் தப்பாகிப் போனது ஆள் மட்டும்தான் என்று அமுதவள்ளி நினைத்துக்கொண்டாள்.

ஐலீன் தயங்கித் தயங்கி, சுவர்ப் படத்தின் நெற்றியில் இருக்கும் வெள்ளைக் கோடுகள் என்ன என்று கேட்டார். திருநீறு என்றாள் அமுதவள்ளி. மாலை? அது வெள்ளிக்கிழமைதோறும். வேறென்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, திவசத்தன்று இலை போட்டு, சுருட்டும் ஒரு கிளாஸ் பிராந்தியும் வைப்போம் என்று சொன்னாள். ஐலீன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். ஆர்ச்சிபால்ட் கெர் வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லையாம். கிறிஸ்துமஸ் கொண்டாடுவதையே ஆடம்பரம் என்று சொன்ன சபையைச் சேர்ந்தவராம். தேவாலயத்தில் இசைப்பெட்டி வைத்ததற்காக மூன்று மைல் தள்ளி இன்னொரு தேவாலயத்துக்கு நடந்து போனவராம்.

"அறுபது வருடத்துக்கும் மேலாக நாங்கள் அவருக்குக் கற்பூரம் காட்டுகிறோம்" என்றாள் அமுதவள்ளி ஆங்கிலத்தில். மன்னிப்புக் கேட்பது மாதிரி ஆரம்பித்தது, முடிக்கும்போது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு ஐலீன் போகும்வரைக்கும்தான். அன்று சாயங்காலமே அவள் பாட்டனைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தாள்.

மறுநாள் சமையல் உதவிக்குச் செராஸிலிருந்து மகள் மலர்விழி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கை தானாக மூக்குக்குப் போனது. பாட்டன் மூக்கு என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்திருந்தார்கள்.

"அப்ப என் மூக்கு யாரோடதும்மா?"

"எங்கப்பாவோடது. நீ பொறந்த நாள்லேருந்து சொல்றேன். யாரு கேட்டீங்க?"

மலர்விழி நடைமுறை தெரிந்தவள். பெரியப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், படத்தைத் திரும்ப மாட்டிவிடலாம், திவசம் முடியட்டும் என்றாள். அமுதவள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. யாரென்றே தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்பாவை எப்படி மாட்டுவது, படையல் மட்டும் போடுவோம், அப்பா இப்போதைக்கு மேசையிலேயே இருக்கட்டும் என்றாள். மலர்விழி வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முகுந்தனின் அண்ணன் பழனியப்பன் செந்தூலிலிருந்து வந்து சேர்ந்தார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பி பேசியே தீர்த்த குடும்பத்தில் இவர் கேட்டே தீர்த்தவர். காது மட்டும் இன்னும் கூர்மை. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"பாட்டன் எங்கம்மா?"

"கழட்டி வெச்சிருக்கேன் மாமா."

"ஏன், குளிக்கப் போயிருக்காரா?"

அமுதவள்ளி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஐலீனும் கையில் ஒரு பழக்கூடையோடு வந்துவிட்டார். இந்த முறை ரயில் தப்பவில்லை. பழனியப்பன் அவரை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, அலமாரி மேலிருந்த படத்தை இறக்கச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு, துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நெடுநேரம் பார்த்தார். அவர் கத்தப் போகிறார் என்று மலர்விழி ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

"எங்கம்மா பங்களாவுல கூட்டிப் பெருக்கினவங்க" என்றார் அவர். "தெனம் காலைல மொதல்ல தூசி தட்டுறது இந்தப் படத்தைத்தான். அவங்களுக்கா தெரியாது இவரு யாருன்னு?"

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார். கடைசித் துரை ஊருக்குக் கிளம்பியபோது வேண்டாத சாமான்களைப் பங்களாவுக்குப் பின்னால் குவித்துக் கொளுத்தச் சொல்லிவிட்டுப் போனார். வீரம்மா அந்தக் குவியலிலிருந்து இதை மட்டும் எடுத்து, சேலைத் துணியில் சுற்றி, தொழிலாளர் லயத்திலிருந்த வீட்டுக்குக் கொண்டு வந்தாள். எதற்கு இது என்று அப்பா சத்தம் போட்டார். அப்போது அம்மா சொன்னது பழனியப்பனுக்கு நினைவிருந்தது. இத்தனை வருடம் அந்த வீட்டில் இந்தப் பெரியவருக்கு ஒரு பூ வைத்துப் பார்த்ததில்லை, ஒரு நாள் ஒரு இலை போட்டுப் பார்த்ததில்லை, பெற்ற பிள்ளையே பட்டினி போட்டிருக்கிறான், பாவம், இனிமேல் எங்கே போவார் என்றாளாம்.

"அந்த நேரத்துல லயத்துல எல்லார் வீட்டுலயும் ஒரு படமாச்சும் இருந்துச்சு. எங்க பாட்டனை யாரு படம் புடிச்சா? படையலுக்குப் படத்துக்குப் பதிலா செம்புலதான் தண்ணி வெப்போம். பாட்டனுக்கு மூஞ்சி இல்ல, இவருக்குச் சோறு இல்ல. அம்மா ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க."

பாட்டன் இலைக்கு மட்டும் மிளகாய் போடுவதற்கு முன்பே வீரம்மா குழம்பில் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுவாளாம். படையல் முடிந்ததும் காரமில்லாத அந்த இலைக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்வார்களாம். பாட்டனுக்கு வயிற்றுப் புண் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான், வயிற்றுப் புண்ணுக்குத் துறையூரில் பார்த்த வைத்தியத்தையும் பிறகு அவனே சேர்த்துக்கொண்டான் என்றார்.

முகுந்தனுக்கு நிஜம் தெரியுமா என்று அமுதவள்ளி கேட்டாள்.

"தெரிஞ்சா அவன் சும்மா இருப்பானா? டிக்கெட் போட்டு ஸ்காட்லாண்டுக்கே போயி பேசிட்டு வந்திருப்பான்லா."

எல்லாவற்றையும் ஐலீனுக்கு அவள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். பெற்ற பிள்ளையே பட்டினி போட்டான் என்ற இடத்தில் ஐலீன் குறுக்கிட்டார். எங்கள் சபையில் செத்தவர்களுக்குச் சோறு வைக்க மாட்டார்கள், கல்லறையில் பூ வைப்பதற்கே யோசிப்பார்கள் என்றார். அப்படியானால் உங்கள் ஆட்களுக்குப் பசிக்காதா என்று பழனியப்பன் கேட்கச் சொன்னார். பிறகு, இதையும் கேள் என்று, இன்னொன்றும் சொன்னார்.

"அவரை நெலத்தை விட்டு வெளிய போட்டாங்க. சரி, பாவம்தான். அவரு மவன் இங்க வந்து எங்களை என்ன பண்ணாரு? எட்டுக்குப் பத்து ரூம்ல போட்டாரு. தோட்டத்தை வித்தப்ப நாங்களும் சாமானை வாசல்ல வெச்சிட்டுத்தான் நின்னோம். அதை எழுதுவாங்களான்னு கேளு."

அமுதவள்ளி ஒரு வார்த்தையையும் மென்மையாக்காமல் அப்படியே சொன்னாள். ஐலீன் முகம் இன்னும் சிவந்தது. எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன், எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை, உங்கள் அம்மா பெயரை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார். பழனியப்பன் அதற்குத் தலையாட்டினார். வீரம்மா என்ற பெயரை அவர் எழுத்தெழுத்தாக உச்சரிக்க, ஐலீன் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

பாட்டன் பழைய இடத்துக்கே போனார். இலைகள் போட்டாயிற்று. முகுந்தனின் இலையில் மட்டன் பிரட்டலும், அவர் ஒளித்து ஒளித்துக் குடித்த ஸ்டவுட் பீர் ஒரு டின்னும் இருந்தன. பாட்டன் இலைக்குப் பக்கத்தில் வழக்கம்போல் பிராந்தியை ஊற்றிய மலர்விழி, ஐலீனைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பெரியவர் தொடமாட்டார் என்று தெரிந்தபிறகு வைப்பது முறையில்லை என்று பழனியப்பன் தீர்ப்புச் சொன்னார். பிராந்திக்குப் பதில் தேநீர் வைக்கப்பட்டது. ஊற்றியதை வீணாக்கக் கூடாது என்பதால் அந்த கிளாஸை அவரே ஒரு பக்கமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

கற்பூரம் காட்டி முடித்ததும் அவர் நாற்காலியை இழுத்து ஆணிக்குக் கீழே போட்டார். தம்பி படத்தை எடுத்துக் கொடு என்று கையை நீட்டினார்.

அமுதவள்ளி மேசையை விட்டு நகரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்றாள். பாட்டன் விஷயம் இப்போதுதான் தெரிந்திருக்கிறது, நாலு பேரிடம் கேட்டு, ஐயரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தை பிறந்ததும் பார்க்கலாம் என்றாள்.

பழனியப்பன் நாற்காலியில் கை வைத்தபடி அவளையே பார்த்தார்.

"ஏம்மா, பாட்டன் வெள்ளைக்காரரா இருக்கறதா ஒனக்கு இப்ப கஷ்டம்? அவரு துறையூர்க்காரராவே இருந்திருந்தா, சுவத்துல ஈரம்னு சொல்லியிருப்ப."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகுந்தன் முடிவெட்டிக்கொள்ளக்கூடத் தனியாகப் போனதில்லை. கடையில் காத்திருக்கும்போது பேச்சுத் துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போவார். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூடப் பக்கத்துக் கட்டில் சீனர், மொழி புரியாமலே, இவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டிவிட்டால் அவர் யாரிடம் பேசுவார்? வீரம்மா நான்கு படம் தள்ளி இருக்கிறாள், அவளுக்குக் காது வேறு மந்தம். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆகவே அவள் ஐலீனிடம் திரும்பி, ஆர்ச்சிபால்ட் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டாள். குத்தகை, ஏலம், தேவாலயம் எல்லாம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி?

ஐலீன் யோசித்தார். அது அவர் எழுதிய எதிலும் இல்லை. ஆனால் தொண்ணூறை நெருங்கும் தன் அப்பா அடிக்கடி சொல்லும் ஒரு கதை உண்டு என்றார். ஆர்ச்சி அதிகம் பேச மாட்டாராம். ஒரு பனிக்காலத்தில் பாதிரியார் வந்து கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, மதியம் தொடங்கி இருட்டும்வரை பேசினாராம். ஆர்ச்சி நாயைத் தடவிக்கொண்டு கேட்டாராம். பாதிரியார் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டபோது, "ம்" என்றாராம். இவ்வளவு நல்ல பேச்சு எனக்கு இந்த ஊரில் யாரோடும் வாய்த்ததில்லை என்று பாதிரியார் போகுமிடமெல்லாம் சொன்னாராம்.

"எழுந்து போகவே மாட்டாரா?"

"அவருடைய நாற்காலியிலிருந்தா? வீடே பற்றியெரிந்தால்தான் என்பார் அப்பா."

அமுதவள்ளி மேசையிலிருந்த படத்தை எடுத்தாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை, காலையில்தான் துடைத்திருந்தாள். பழனியப்பன் நாற்காலியில் ஏறினார். மலர்விழி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பெரியப்பா பார்த்து, பார்த்து என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படம் ஆணியில் உட்கார்ந்தது.

"சரியா இருக்காம்மா?"

அவள் இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். ஆர்ச்சிபால்ட் கொஞ்சம் வலப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்ததால், தாடிக்கு மேல் ஒரு காது, நல்ல பெரிய காது, இந்தப் பக்கம் முழுசாகத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வைங்க மாமா" என்றாள். "ரொம்ப தள்ளி இருந்தா, இவரு கத்திப் பேசுவாரு."